புனித உர்பானுக்கு நான்காவது குடம்

1

எங்கள் ஊரில் தெளிந்த வானத்தின் விலை ஒரு குடம் வெள்ளை ஒயின். வருடத்துக்கு ஒரு முறை, மே மாதக் கடைசியில், திராட்சைக் கொடிகளின் காவலரான புனித உர்பானின் கற்சிலைக்குத் தலைவழியாக அதை ஊற்றுவோம். அவர் நனைவார், நாங்கள் கைதட்டுவோம், அகாசியா மரங்கள் பூச்சொரியும். வாருங்கள், சுவையுங்கள், வாங்குங்கள்.

(மேலே உள்ள பத்தி விழாக் குழுத் தலைவர் கெல்லேர்டுக்காக. சுவைப்புக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க "இனிப்பா ஒரு கதை" கேட்டவர் அவர்தான். கூலி ஆறு பாட்டில். முதல் பத்தியைத் தாண்டி அவர் எதையும் படித்ததில்லை. இனி நாம் தனியாக இருக்கிறோம், பேசலாம்.)

2

சதுக்கத்தில் என் ரொட்டிக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பன்றிக்கொழுப்பு தடவி, ஊதா வெங்காயம் தூவி, ஒரு துண்டு எண்ணூறு ஃபோரின்ட். பேரம் பேசினால் எழுநூறு. பேசாமல் எண்ணூறை நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தம்தான். சந்தை சந்தையாக எனாமல் சட்டி விற்ற வீட்டில் பிறந்தவன் நான்.

பதினொரு மணிக்கு இந்தத் தாள் ஊர் அலுவலகத்தின் நகலெடுக்கும் இயந்திரத்துக்குப் போக வேண்டும். சிலைக்கு ஊற்றுவது பன்னிரண்டுக்கு. அதாவது, நடப்பதற்கு முன்னாலேயே கதை முடிந்தாக வேண்டும். இந்தச் சிக்கலை நான் உண்டாக்கவில்லை.

தொடக்கம் ஒன்று: "மலர்ந்த முகத்துடன் எதெல்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு"

இல்லை. எதெல்காவைப் பள்ளிக்கூட நாளிலிருந்து தெரியும். மலர்ந்த முகம் அவளிடம் இருப்பில் இல்லை.

தொடக்கம் இரண்டு: "உறைபனி விழுந்த அந்த விடியலில் ஏழை விதவை ஒருத்தி விம்மி விம்மி"

அவள் விதவை இல்லை. கணவன் ஆஸ்திரியாவில் லாரி ஓட்டுகிறான். விம்மவும் இல்லை. விம்மினால் நீங்கள் இரக்கப்பட்டு ஒரு பாட்டில் கூடுதலாக வாங்குவீர்கள் என்று எழுதினேன். இந்த வித்தையெல்லாம் எனக்கே அலுத்துவிட்டது.

தொடக்கம் மூன்றுக்குத் தெம்பில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

3

வியாழன் விடியலில் உறைபனி. மலைச்சரிவில் எதெல்காவின் நிலத்துக் கீழ்த்தட்டில் இருபத்தாறு வரிசைக் கொடி. ஈர வைக்கோலைக் கொளுத்தினாள். புகை மேலே படுத்துக்கொண்டால் தளிர் உறையாது. காற்று திரும்பியது. புகை நகர்ந்து போய்ப் பக்கத்து நிலத்தில், கெல்லேர்டின் கொடிகள் மேல் படுத்துக்கொண்டது. அவருடையது பிழைத்தது. அவளுடையது வெயில் பட்டதும் எரிந்த காகிதமாய்க் கறுத்தது.

இனி, முதல் பத்தியில் நான் விழுங்கிய பாதி. விழா அன்று வானம் நன்றாக இருந்தால்தான் சிலைக்கு ஒயின். மோசமாக இருந்தால் சாக்கடைச் சேறு. புனிதர் என்றாலும் கொடுக்கல் வாங்கல்தான். ஊரின் பதினொரு ஒயின் நிலவறைகள் முறைவைத்து ஊற்றுகின்றன. இந்த வருடம் எதெல்காவின் முறை.

காலையில் என் கடை முன்னாலேயே தொடங்கிவிட்டார்கள்.

"அக்கா, மேல பாருங்க. பொட்டு மேகம் இல்ல. முறைப்படி ஒயின்தான்" என்றார் கெல்லேர்ட்.

"வானம் சுத்தமா இருந்ததாலதான்டா உறைஞ்சுது. மேகம் இருந்திருந்தா என் கொடி போர்த்திக்கிட்டுத் தூங்கியிருக்கும்."

"முறை இன்னைக்கு வானத்தைத்தான் பாக்குது. வியாழக்கிழமையப் பத்தி ஒண்ணும் சொல்லல."

"நீ ஏன் முறை பேசமாட்ட? என் புகையக் குடிச்சுட்டு உன் கொடி பச்சப்பசேல்னு நிக்குது."

"நானா ஊதி இழுத்தேன்? காத்தக் கேளுங்க."

"காத்து தலைவர் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு என் வாசலுக்கு வராது. நீதான் வருவ."

கெல்லேர்ட் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு பஸ் வந்திருக்கு. புடாபெஸ்ட்காரர் முன்னால நிப்பாரு. சேத்த ஊத்தினா ஏன் எதுக்குன்னு கேப்பாரா மாட்டாரா? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

புடாபெஸ்ட்காரர் சில்வெஸ்தெர். உணவகம் நடத்துகிறார், வைக்கோல் தொப்பி போடுகிறார். மூன்று வருடத்துக்கு எதெல்காவின் ஒயினை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. ஊற்றி முடிந்ததும் கையெழுத்து. பனி விழுந்தது அவருக்குத் தெரியாது.

(தெரியாது என்று எழுதும்போதே தெரியவைத்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் தாள் அவர் கைக்கும் போகும்.)

4

அதனால்தான் இந்தப் பகுதியை எழுதும் முன் அவளிடம் கேட்டேன். மண்குடத்தோடு வந்து என் மேசையில் வைத்தாள். குடத்தின் வாயில் துணி கட்டியிருந்தது.

"உள்ள என்ன?"

"உன் ரொட்டில என்ன கொழுப்புன்னு நான் என்னைக்காவது கேட்டேனா?"

"பனியப் பத்தி எழுதிட்டேன், எதெல்கா."

"அந்தாளு படிப்பானா?"

"ரொட்டி தின்னுக்கிட்டே படிப்பாரு. ரெண்டையும் ஒரே மேசைல வெக்கப் போறேன்ல."

பென்சிலை நீட்டினேன். "அடிச்சிரவா? நாலு வரிதான். உன் பொழப்பு, நீ சொல்லு."

"அடிச்சா இன்னைக்குக் கையெழுத்து. அறுவடைக்கு வந்து பாத்தா கூடை காலி. அப்புறம் இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுப்பானா?" பென்சிலை என் பக்கமே தள்ளினாள். "இருக்கட்டும். ஆனா பாதிய எழுதாத. மேல்தட்டுல எட்டு வரிசை தப்பிச்சிருக்கு, அதப் போடு. போன வருஷத்துப் பீப்பா ரெண்டு தொடாம இருக்கு. குறையிற அளவுக்கு அதுலருந்து தரேன், அதே விலைக்குன்னு போடு."

"இது கதை. விலைப்பட்டியல் இல்ல."

"நீ என்னைக்கு விலை சொல்லாம கதை சொல்லியிருக்க?"

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். கனமாகத்தான் இருந்தது. ஒயினும் கனக்கும், சேறும் கனக்கும்.

5

முடிவு அ: ஒயினை ஊற்றுகிறாள். கைதட்டல். கெல்லேர்டுக்குப் பிடிக்கும்.

முடிவு ஆ: சேற்றை ஊற்றுகிறாள். பஸ்ஸில் வந்தவர்களுக்கு இன்னும் நல்ல படம்.

முடிவு இ: ஒரு மடக்குக் குடித்துவிட்டு மீதியைக் கெல்லேர்டின் தலையில்

(இது என் ஆசை. கதையில் சேராது.)

எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து மினுக்கிக் கொடுக்கலாம். முடியவில்லை. அதைச் செய்ய வேண்டியவள் இன்னும் சதுக்கத்தைக் கடந்துகொண்டிருக்கிறாள். கெல்லேர்ட் எதிரே வந்து தாளுக்குக் கை நீட்டுகிறார்.

நீங்கள் கழுத்தில் தொங்கும் சுவைப்புக் கோப்பைப் பையோடு, கட்டைவிரலில் கொழுப்போடு, இந்த வரியில் நிற்கிறீர்கள். நிமிர்ந்து பாருங்கள். கிணற்றுக்கு இடப்பக்கம் சிலை. பக்கத்தில் வைக்கோல் தொப்பிக்காரர் படித்துக்கொண்டிருந்தால் இடிக்காதீர்கள், படித்து முடிக்கட்டும். ஐயா சில்வெஸ்தெர், எட்டு வரிசை, ரெண்டு பீப்பா, அதே விலை. பதிலை அவளிடம் சொல்லுங்கள்.

எதெல்கா வீட்டோடு புனித உர்பானின் கணக்கு, இன்று பதினொரு மணி வரை:

வாங்கிக்கொண்டது: இதற்கு முந்தைய முறைகளில் மூன்று குடம்.
காப்பாற்றியது: எட்டு வரிசை.
கைவிட்டது: இருபத்தாறு.
கெல்லேர்டிடம் பாக்கி நிற்பது: ஒரு விடியல் புகை.
நான்காவது குடம்: (          )