கத்தரின் கொடுத்த சொல்

அறுநூற்று முப்பது பவுண். பத்மநாதன் செல்வரத்தினத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்த சீட்டுக்காசு அவ்வளவு. டூட்டிங்கில் பலசரக்குக் கடை வைத்திருந்த பத்மநாதன் மாதச் சீட்டும் பிடித்து வந்தார். ஆரம்பத்திலேயே ஏலத்தில் கழிவு கூறிச் சீட்டை எடுத்த இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் கனடாவுக்கு ஏறிவிட, தொண்ணூறாம் ஆண்டு மாரியோடு சீட்டு முறிந்தது. கடைசியில் எடுத்தால் முழுக்காசும் வரும் என்று பொறுத்திருந்த செல்வரத்தினம் வெறுங்கையோடு நின்றான்.

அந்தக் காசு, ஆட்களை வெளிநாட்டுக்கு ஏற்றும் ஏஜென்சிக்காரனுக்கான கடைசித் தவணை. செல்வரத்தினத்தின் மனைவி தவநாயகியும் மகள் ராஜியும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறைக்குள் அடைந்து கிடந்தார்கள். அந்தக் காசைக் கட்டினால்தான் பிளேன்.

சீட்டு முறிந்த அன்றே செல்வரத்தினம் கடைக்குப் போய், சாமான் வாங்க வந்தவர்களுக்கு முன்னால் வைத்து ஏசினான். “என்ர பெண்சாதி பிள்ளை அங்க சாகுதுகள், பத்தண்ணை. நீங்கள் படுக்கையில கிடந்து அழுந்துவியள். நான் வந்து பார்ப்பன்.”

மாசி பிறக்க முன்னரே பத்மநாதன் கடையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் விழுந்தார். பாரிசவாதம். ஒரு பக்கம் ஏலாமல் போனது, பேச்சும் நின்றது.

கோலியர்ஸ் வுட் ஸ்டேஷனில் யாரோ சொல்லித்தான் அது செல்வரத்தினத்தின் காதில் விழுந்தது. அவனுக்கு வேலை ஒரு ஹொட்டேல் லோண்டரியில். கத்தரின் என்ற டென்மார்க்காரி ஒரு தொங்கலிலும் அவன் மறுதொங்கலிலும் நின்று விரிப்பு மடிக்க வேண்டும். உதறி, இழுத்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து, நுனியை நுனியோடு சேர்க்க வேண்டும். அன்று அவன் கை வழக்கத்தைவிட வேகமாக ஓடியது.

“என்ன, பூல்ஸ் பந்தயத்தில காசு அடிச்சதோ?” என்றாள் கத்தரின். இரண்டு பேருடைய இங்கிலீசும் அரைகுறைதான். அதனால் ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாக விளங்கும்.

“எனக்குக் காசு தரவேண்டிய ஒருத்தர் விழுந்திட்டார். வாயும் கோணிப்போச்சாம்.”

“அதுக்கோ சிரிக்கிறாய்?”

“நான் சிரிக்கேல்லை.”

“வாய் சிரிக்கேல்லை. கை சிரிக்குது.” அவள் விரிப்பை வெடுக்கென்று இழுத்தாள். “எங்கட டேனிஷில அதுக்கு ஒரு சொல் இருக்கு. ஸ்கேதஃப்ரூத். ஸ்கேத எண்டால் கேடு. ஃப்ரூத் எண்டால் சந்தோசம். மற்றவனுக்கு வந்த கேட்டில ஊறுற சந்தோசம்.”

“இங்கிலீசில?”

“குளோட் எண்டு ஒண்டு இருக்கு. அது கெக்கட்டம் விடுறது மாதிரி. உள்ளுக்குள்ள சத்தமில்லாமல் இனிக்குதே, அதுக்கு இவங்களிட்டச் சொந்தச் சொல் இல்லை. ஜேர்மன்காரனிட்ட இரவல் வாங்கி வைச்சிருக்கிறாங்கள். இவங்கள் அவ்வளவு நல்ல மனுசர், பார்.”

அவன் அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிப் பார்த்தான். நம்மவர்கள் ‘நல்லா வேணும்’ என்பார்கள், ‘வயிறு குளிர்ந்தது’ என்பார்கள். ஒரே சொல்லாக அவனுக்கு எதுவும் அகப்படவில்லை. ஆனால் எங்கோ ஒரு நாட்டில் அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள் என்றால், தான் மட்டும் கெட்டவன் இல்லை என்று பட்டது. அந்தத் துணிவோடுதான் அன்று வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

வருத்தக்காரரைப் பார்க்க வெறுங்கையோடு போக ஏலாது. போனால் எதற்கு வந்தான் என்று தெரிந்துவிடும். ஹோர்லிக்ஸ் போத்தல் ஒன்று வாங்கிக்கொண்டான்.

பத்மநாதனின் கடைவாயில் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. மனைவி கல்யாணி துடைக்கத் துடைக்க அது வழிந்தது. செல்வரத்தினம் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நன்றாகப் பார்த்தான். இனித்தது.

“சீட்டுக்காரர் ஒருத்தரும் எட்டிப் பார்க்கேல்லைத் தம்பி,” என்றாள் கல்யாணி. “ஏசினதும் நீங்கள்தான், வந்ததும் நீங்கள்தான்.”

பத்மநாதனின் நல்ல கண் அவனைப் பார்த்தது. பிறகு மூடிக்கொண்டது. அவன் எதற்கு வந்தான் என்று அந்தக் கண்ணுக்குத் தெரியும்.

ஷிப்ட் முடிந்தால் கால் தானாக அங்கே போனது. ஒருநாள் தோடம்பழம், ஒருநாள் இடியப்பமும் சொதியும். கொண்டுபோகும் ஒவ்வொன்றுக்கும் கல்யாணி கண் கலங்கினாள். அவன் கொடுப்பதைப் பத்மநாதன் வாயில் வாங்கவே மாட்டார். “மருந்துக் குணம்” என்று கல்யாணி சொல்வாள்.

பங்குனியில் தவநாயகி போனில் அழுதாள். “நேற்று லொட்ஜுக்குப் பொலிஸ் வந்து ரண்டு பெடியளை ஏத்திக்கொண்டு போனவங்கள். மாதக் கடைசிக்குள்ள காசு வராட்டி ஏஜென்சிக்காரன் எங்கட இடத்தை வேற ஆக்களுக்குக் குடுக்கிறானாம். எங்களை என்ன செய்யப் போறியள்?”

அவன் காசு கேட்காத ஆள் இல்லை. எல்லாருக்கும் கடன், எல்லாருக்கும் கொழும்பில் யாரோ இருந்தார்கள்.

அன்று பார்வை நேரம் முடியும்வரை கட்டிலருகே இருந்தான். எழும்பியபோது கல்யாணி நடைவழிவரை கூட வந்து, கைலேஞ்சியில் முடிந்த ஒன்றை அவன் கையில் வைத்தாள். பாரமாக இருந்தது.

“என்ர கொடி. கேக்காமல் கொண்டுபோங்கோ, தம்பி. அவருக்கும் அதுதான் விருப்பம், எனக்குத் தெரியும். உங்கட மனசுக்கு நாங்கள் செய்த அநியாயம் இவ்வளவு காணும்.”

கட்டினவர் உயிரோடு கிடக்கையில் கழற்றின தாலிக்கொடி. வேண்டாம் அக்கா என்று சொல்ல வாய் உன்னியது. நான் உங்கள் புருசனின் எச்சிலைப் பார்க்க வந்தவன் என்று சொல்லவும் உன்னியது. இரண்டையும் விழுங்கினான். கை கைலேஞ்சியை இறுகப் பிடித்துக்கொண்டது.

டூட்டிங்கில் நகைக்கடை வைத்திருக்கும் தமிழன் யாருடைய கொடி என்று கேட்பான். குரொய்டனில் ஒரு வெள்ளைக்காரனிடம் கொண்டுபோனான். அவனுக்கு அது வெறும் தங்கம். நிறுத்து நானூற்று எழுபது எண்ணி வைத்தான். மிச்சத்துக்குக் கத்தரினிடம் கெஞ்சினான். தந்தாள்.

“அந்த ஆள் எப்படி?” என்று கேட்டாள்.

“அப்படியேதான்.”

“இப்பவும் இனிக்குதோ?”

அவன் விரிப்பின் நுனியைத் தேடினான், பிடிபடவில்லை.

காசு கொழும்புக்குப் போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வந்தது. பிளேன் எப்போது, அதுவும் உண்மையா என்று ஏஜென்சிக்காரனுக்குத்தான் வெளிச்சம். அன்றும் அவன் ஆஸ்பத்திரிக்குப் போனான். கல்யாணியின் கழுத்தில் மஞ்சள் கட்டின நூல் கிடந்தது. அவன் பத்மநாதனின் முகத்தைப் பார்த்தான். எச்சில், கோணல், அசையாத கை. தேடித் தேடிப் பார்த்தான். இனிப்பு இல்லை.

ஹோர்லிக்ஸ் கரைத்து வாயருகே கொண்டுபோனான். பத்மநாதன் நல்ல கையால் ஓங்கித் தட்டினார். கோப்பை கவிழ்ந்து விரிப்பெல்லாம் கொட்டுண்டது.

“ஐயோ, கோவிக்காதேங்கோ தம்பி,” என்றாள் கல்யாணி.

“அவர் செய்தது சரி, அக்கா.”

நேர்ஸ் வந்து பத்மநாதனைப் புரட்டிப் பிடிக்க, செல்வரத்தினம் நனைந்த விரிப்பை உருவிப் புதியதை உதறினான். பழக்கத்தில் மறுதொங்கலை நீட்டினான். கல்யாணி பிடித்துக்கொண்டாள்.

“காசு காணுமோ தம்பி? குறைஞ்சிருந்தால் சொல்லுங்கோ.”

“காணும் அக்கா,” என்றான் செல்வரத்தினம், விரிப்பை இழுத்தபடி. “கணக்கு முடிஞ்சுது.”