குழிக்கு அடித்த பலகை

சேமக்காலையில் குழியருகே ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருக்கும்போதே லெஸ்லி பின்னால் நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தான். எமில்டாவுக்குக் காது கொதித்தது.

"நாலரை லட்சம் வருசத்துக்கு முந்தி மலை மாதிரி ஐஸ், லண்டனில இந்த ஃபின்ச்லி மேடு வரைக்கும் வந்து நிண்டதாம், விஜயரத்தினம் அண்ணை. களிமண்ணையும் மணலையும் பாய் மாதிரிச் சுருட்டி மடிச்சு விட்டிட்டுப் போயிருக்கு. வெளியால பாத்தா நல்ல களி, உள்ளுக்கு மணல். தேம்ஸ் ஆத்தையே தெற்கால தள்ளின ஐஸ். நாங்கள் என்ன செய்யேலும்?"

"அப்ப கேஸை ஐஸுக்கு மேல போடுவமோ?" என்றார் பக்கத்தில் நின்ற ஊர்க்காரர் விஜயரத்தினம்.

கிளின்ரன் செத்த நாளிலிருந்து இதே கதை. அவன் எமில்டாவின் ஒரே தம்பி. லெஸ்லி அவளுடைய புருஷன். பிரான்ஸிலிருந்து வந்து கட்டட வேலை எடுத்துச் செய்பவன். இதே மேட்டில், ஒரு வீட்டு அத்திவாரத்துக்கு வெட்டிய ஆழக் கிடங்கு சரிந்துதான் கிளின்ரனை மூடியது.

அன்று காலை நோர்பரியில் தங்கள் வீட்டுக் குசினியில் தம்பி கேட்டது அவள் காதிலும் விழுந்தது.

"அத்தான், மண் சரியாமல் கிடங்குப் பக்கத்துக்குப் பலகை அடிக்கேல்லையே?"

"களி தானா நிக்கும். பலகை நாளைக்கு வரும். பயந்தாங்கொள்ளி, நீ இறங்கு." லெஸ்லி பாணைக் கடித்தபடி சொன்னான். இருவருக்கும் தேத்தண்ணி ஊற்றியது அவள்தான்.

இன்று சேமக்காலைக்கு வரும்போது லெஸ்லி காருக்குள் சொன்னான்: "நாளைக்கு விபத்தை விசாரிக்க அரசாங்க ஆக்கள் வருவாங்கள். குசினியில கதைச்சது ஒண்டும் உம்மட காதில விழேல்லை, சரியோ? பிள்ளையளை நினைச்சுப் பாரும்."

கார் நின்றதும் அவள் இறங்கிக் கதவைச் சாத்தினாள்.

பெட்டி இறங்கியது. குழியைச் சுற்றி விரித்திருந்த பச்சை விரிப்பு ஓரத்தில் விலகியிருந்தது. எமில்டா எட்டிப் பார்த்தாள். குழியின் நாலு பக்கமும் தடித்த பலகை.

ஏன் என்று குழி வெட்டிய வெள்ளைக்காரரிடம் கேட்டாள். இந்த மேட்டு மண்ணை நம்ப முடியாது, பலகை இல்லாமல் தங்கள் ஆட்கள் எவரும் இறங்குவதில்லை என்றார் அவர், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல.

லெஸ்லி ஒரு பிடி மண்ணோடு வந்தான். கரைக்குக் கொஞ்சம் முன்னாலேயே கால் நின்றுவிட்டது.

"கிட்டப் போங்கோ," என்றாள் எமில்டா, எல்லாருக்கும் கேட்கும்படி. "பயப்பிடாதேங்கோ. செத்தவனுக்குப் பலகை அடிச்சிருக்கு."

செபம் நின்றது.

"எமில்டா, மெல்ல..." என்றான் லெஸ்லி.

"நாளைக்கும் இதைத்தான் சொல்லுவன். குசினியில நீங்கள் சொன்னதையும்."

லெஸ்லியின் கை நீட்டியபடியே நின்றது. இரண்டு பலகைகளின் இடுக்கால் மஞ்சள் மணல் நூலாக ஒழுகி, பெட்டியின் சிலுவைமேல் விழுந்துகொண்டிருந்தது.