பெயின்டர் எண் போட்ட மரங்கள்

எங்கள் ஊரில் நாற்பத்தோரு மரங்களுக்கு வீட்டு எண் உண்டு. தட்டினால் உள்ளேயிருந்து "யாரு?" என்று கேட்கும். எண் போட்டவர் நகராட்சியில் ஒன்பது வருடம் தற்காலிகமாக இருந்த பெயின்டர். வேலை நிரந்தரமாக இன்னும் இருபதே நாள். அந்த வாரம் பார்த்துத்தானா மனிதர் தன் மூக்குக்கண்ணாடியின் மேலேயே உட்கார்ந்து தொலைக்க வேண்டும்? வீடுகளுக்கு எண் போட நகராட்சி விதி எளிமையானது: மூன்று முறை தட்டு, பதில் வந்தால் எண் எழுது, வராவிட்டால் 'பூட்டியிருந்தது' என்று குறித்துக்கொள். கண் மங்கிய பெயின்டர் கையில் பட்டதையெல்லாம் தட்டினார், பதில் வந்த இடத்திலெல்லாம் எழுதினார். நான்கு கரண்ட் கம்பங்களுக்கு எதிரே 'பூட்டியிருந்தது' என்று இன்றும் பதிவேட்டில் இருக்கிறது.

சாலையை அகலப்படுத்த மரம் வெட்டும் இயந்திரங்கள் வந்து நின்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது. எண் உள்ள வீட்டை வீட்டுக்காரர் சம்மதமில்லாமல் தொட முடியாது. நகராட்சி ஆய்வாளர் அம்மாள் பெயின்டரைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தார். "என்னய்யா பண்ணி வெச்சிருக்கே? வெள்ளிக்கிழமைக்குள்ள அத்தனையும் அழி. இல்லேன்னா நிரந்தரத்தை மறந்துடு!" பெயின்டரின் மனைவி பெயின்ட் அழிக்கும் டர்பன்டைன் டப்பாவைக் கையிலேயே திணித்து அனுப்பினாள்.

பழக்க தோஷம், அழிக்குமுன் முதல் மரத்தைத் தட்டிவிட்டார்.

"யாரு?"

"நான்தாங்க, பெயின்டர்."

"அழிக்கவா வந்தீங்க தம்பி?"

பொய் சொல்ல வராத மனிதர் பேச்சை மாற்ற, உள்ளே எத்தனை பேர் என்று கேட்டு வைத்தார். அணில் நான்கு, குருவிக்கூடு பதினொன்று, ஆந்தை ஒன்று, எறும்புகளுக்குக் கணக்கில்லை என்று மரம் நிதானமாகச் சொல்லிற்று. இத்தனை பேரைத் தெருவில் நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. மற்ற மரங்களிலும் இதே கதைதான். திறக்காத டப்பாவோடு வீடு திரும்பியவரிடம் மனைவி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சனிக்கிழமை வேலை போயிற்று.

திங்கட்கிழமை காலை இருபத்தேழாம் எண் மரம் நகராட்சி அலுவலகத்துக்கு வந்து டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றது. குனிந்துதான் வந்தது, ஒரே ஒரு ஜன்னல் கண்ணாடி உடைந்தது, அதுவும் ஏற்கெனவே விரிசல் விட்டதுதான். முன்னால் நின்றவர்கள் நிழல் சுகத்தில் தங்கள் முறை வந்தும் நகரவில்லை. என்ன வேண்டும் என்றார் ஆய்வாளர் அம்மாள். "பெயின்டருக்கு அவர் வேலை வேணும். இத்தனை வருஷத்துல எங்களைத் தட்டிக் கேட்டது அவர் ஒருத்தர்தாம்மா" என்றது மரம். அம்மாள் பெயின்டரின் கோப்பை எடுத்தார். 'பரிந்துரைப்பவர் கையொப்பம்' என்ற கட்டத்தில் ஓர் இலையை ஒட்டி, நிரந்தர ஆணையில் கையெழுத்துப் போட்டார்.

சாலை மரங்களைச் சுற்றி வளைந்து நெளிந்து போடப்பட்டது. பஸ் ஆறு நிமிடம் தாமதமாக வந்தது, அதுவும் பழகிவிட்டது. மரங்கள் அக்கம்பக்கத்தார் என்றான பிறகு அவர்கள் வாசலில் குப்பை கொட்ட முடியுமா? பாத்திரம் கழுவிய தண்ணீரை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டோம், அஸ்திவாரம் தோண்டுமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டோம். ஐந்தாம் வருடம் கிணறுகளில் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் நின்றது. மின்விசிறிக் கடைக்காரர் மட்டும் இன்றுவரை முணுமுணுக்கிறார்.

போன மாதம் ஆற்றுக்கும் எண் போடப் பெயின்டரைக் கரைக்கு அனுப்பினார்கள். கதவு எது என்று தெரியாமல் தண்ணீரையே மூன்று முறை தட்டினார். "தொறந்துதான் இருக்கு, வாங்க" என்றது ஆறு. செருப்பைக் கரையில் விட்டு இறங்கினார். உள்ளே யார் யார் என்று ஆறு சொல்லி முடிக்கப் பதினோரு நாள் ஆயிற்று. மனைவிதான் தினமும் மதியச் சாப்பாட்டைக் கரைக்குக் கொண்டுவந்து, பட்டியலில் விட்டுப்போன மீன்களையும் நினைவுபடுத்தினாள்.