மைக்கை மறந்தால் ஒரு பாட்டு

என் வீட்டுக்காரருக்குக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தவர், குழந்தைகள் எழுதி அழிக்கிற பலகை ஒன்றைக் கையில் கொடுத்ததும் எழுதிய முதல் வரி, "ஆபீஸ்ல சொல்லிட்டியா?" வலிக்கிறதா, பிழைப்பேனா, நீ சாப்பிட்டாயா, அதெல்லாம் ஒன்றும் கிடையாது. இல்லை என்று தலையாட்டினேன். "சொல்லாதே" என்று எழுதினார். கழுத்தில் ஓட்டை போட்டு அது வழியாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற மனுஷனின் கவலையைப் பாருங்கள்.

ஆபீஸ் என்றதும் கட்டடத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் படுக்கையறையில் துணி அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே இடித்துப் பிடித்துப் போட்ட ஒரு மேஜை, அதன் மேல் இரண்டு திரை. ஒன்றில் கப்பல், இன்னொன்றில் ஆபீஸ். ஆபீஸின் கூரையைப் பிய்த்துவிட்டு மேலேயிருந்து பார்ப்பது போல் படம் வரைந்து வைத்திருந்தார்கள். மேஜை, நாற்காலி, காபி மூலை, மீட்டிங் அறை எல்லாம் உண்டு. ஆளுக்கொரு வட்டம், வட்டத்துக்குள் முகம், ஓரத்தில் சின்னதாக மைக் படம், மைக்கை அணைத்துவிட்டால் அதன் மேல் ஒரு சிவப்புக் கோடு. நம் வட்டத்தை மவுஸால் நகர்த்தி இன்னொருவர் அருகில் கொண்டுபோனால் அவர் பேசுவது கேட்கும். தள்ளிப் போனால் கேட்காது. நாலு நாட்டில் நாலு வீட்டில், மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே வீட்டில் கட்டுவதுமாக உட்கார்ந்திருந்தவர்கள், அங்கே பக்கத்துப் பக்கத்து நாற்காலிக்காரர்கள். எல்லோருக்கும் வீட்டில் பேசும் மொழி ஒன்று. மேனேஜர் அப்படிப் பார்த்துப் பொறுக்கிச் சேர்த்த கூட்டம்.

கப்பலில் எந்தக் கண்டெய்னர் எங்கே உட்கார வேண்டும் என்று முடிவு செய்வதுதான் அவர்கள் வேலை. கனமானது கீழே, முதலில் இறங்க வேண்டியது மேலே, குளிர்ப்பெட்டி பிளக் இருக்கிற இடத்தில், ஒன்றுக்கொன்று ஆகாத சரக்கு தள்ளித் தள்ளி. "சம்பந்தி வீட்டாரை உட்கார வைக்கிற மாதிரிதான். யாரை யார் பக்கத்துல போடறோம்ங்கறதுலதான் எல்லாம் இருக்கு" என்பார்.

பேச்சு என்றால் அப்படியொரு பேச்சு. அங்கே அவருக்கு ரேடியோ அண்ணன் என்றுதான் பெயர். நான் அடுக்களையில் குக்கரை வைத்துவிட்டு நின்றால், விசில் கேட்காது, இவர் சிரிப்பது கேட்கும். குளிர்ப்பெட்டிகளைப் பார்க்கிற பையனுக்கு ஐஸ்காரன் என்று பெயர் வைத்தவர் இவர். கடைசியாகச் சேர்ந்த பெண்ணை வந்த அன்றே தங்கச்சி ஆக்கிவிட்டார். மைக்கைப் போட மறந்துவிட்டு யாராவது வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தால், தண்டனையாக ஒரு பாட்டு பாட வேண்டும் என்று சட்டம் போட்டவரும் இவர்தான். மேனேஜர்கூடப் பாடியிருக்கிறார். கழுதை தோற்றது போங்கள்.

"அவங்ககிட்ட சொன்னா என்னங்க? மனுஷங்கதானே?" என்று வீட்டுக்கு வந்த பிறகும் கேட்டேன்.

பலகையில் வெகுநேரம் எழுதினார். முன்பு அந்தக் குழுவில் ஒருவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனதாம். சொன்னாராம். எல்லோரும் துடித்துப்போனார்களாம். அதன்பிறகு அவரிடம் யாரும் கிண்டல் செய்யவில்லை, சண்டை போடவில்லை, அவர் மேஜைப் பக்கம் வட்டத்தை நகர்த்தவுமில்லை. அவரே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம். கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: "பாவம் பார்க்க ஆரம்பிச்சா பேச மாட்டாங்க. எனக்கு வேலை போனாலும் பரவாயில்லை. அவங்க பேச்சு வேணும்."

எனக்கு வந்த கோபத்தில் பலகையைத் தூக்கி எறிந்திருப்பேன். கூடவே இருக்கிற நான் பேசுகிறேனே, அது பேச்சாகத் தெரியவில்லையா? ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. தொண்டையில் வைத்து அழுத்திப் பேசுகிற கருவி ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார்கள். ஒரே ஒரு தடவை என் பெயரைச் சொல்லிப் பார்த்தார். மிக்ஸி ஓடுகிற மாதிரி இருந்தது. நான் முகத்தைச் சாதாரணமாகத்தான் வைத்துக்கொண்டேன், சத்தியமாக. அவர் அதைத் துணி அலமாரியில் போட்டு மூடிவிட்டார்.

ஊருக்குப் போகிறேன் என்று சொல்லி எடுத்திருந்த லீவு முடிந்ததும் நாடகம் ஆரம்பமானது. மைக் ரிப்பேர். பக்கத்து வீட்டில் சுவர் இடிக்கிறார்கள், ஒரே சத்தம். நெட் வீக், கேமரா போட்டால் கட்டாகிறது. கேட்டதையெல்லாம் நம்பினார்கள். நம்பாமல் என்ன, அவர்கள் வீட்டிலும் இதே கதைதானே. இவர் வட்டம் தன் மேஜையில் இருக்கும், ஐஸ்காரன் வந்து பக்கத்தில் நின்று வீட்டுக்காரியோடு போட்ட சண்டையைச் சொல்வான். இவர் தட்டச்சு செய்து அவன் காலை வாருவார். அவன் சிரிப்பான். "ரேடியோ இப்ப பேப்பரா மாறிடுச்சு" என்று தங்கச்சி சொல்ல, இவர் தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். கழுத்து ஓட்டையிலிருந்து காற்று புஸ்புஸ் என்று வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நான் துணி மடித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அந்தக் குட்டு உடைந்த நாள் நான் மொட்டை மாடியில் காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு வந்தேன். அறைக்குள் ஒரே கைத்தட்டல். ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் போட்டிருந்தார், ஸ்பீக்கரில் கேட்டது. கேமரா போட்டிருந்தது. என் மனுஷன் திரைக்கு முன்னால் வாயை அகலத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, விரலால் எதையோ காட்டிக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது.

"அண்ணே, மைக்கு, மைக்கு" என்றான் ஐஸ்காரன்.

"மாட்டினாரு. நம்ம அண்ணனே மாட்டினாரு. பாட்டு, பாட்டு" என்று தங்கச்சி கை தட்டினாள்.

"யோவ் ரேடியோ, சட்டம் போட்டது நீதான்யா. பாடிட்டுத்தான் மறுவேலை" என்றார் மேனேஜர். அவரும் தட்டினார்.

நடந்தது இதுதான். தங்கச்சி தன் திரையை எல்லோருக்கும் காட்டி அன்றைய கப்பலின் அடுக்கை விளக்கிக்கொண்டிருந்தாள். ஆசிட் ஏற்றிய பெட்டிக்கு ஒட்டினாற்போல் பிளீச்சிங் பவுடர் பெட்டியை வைத்திருந்தாள். இரண்டும் சேர்ந்தால் விஷப்புகை. இவர் தட்டச்சு செய்து பார்த்திருக்கிறார். விளக்கிக்கொண்டிருந்தவளும் பார்க்கவில்லை, மற்றவர்களும் பார்க்கவில்லை. அடுக்கு சரியென்று மேனேஜர் துறைமுகத்துக்கு அனுப்பப் போகிற நேரம், இவர் தன்னை மறந்து கேமராவைப் போட்டு, இல்லாத குரலில் கத்தியிருக்கிறார். மைக் சரியாகிவிட்டது, போடத்தான் மறந்துவிட்டார் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள்.

என்னைப் பார்த்ததும் பலகையை எடுத்து அவசரமாகக் கிறுக்கி நீட்டினார். "ஆசிட் பக்கத்துல பிளீச். நிறுத்தச் சொல்லு." அதைப் படித்திருந்தால் போதும். மைக் கெட்டுப்போச்சு, அவர் இதைச் சொல்லச் சொன்னார் என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கைத்தட்டல் நிற்கவில்லை. "பாடு, பாடு" என்கிறார்கள். எனக்குக் கண் மண் தெரியவில்லை. துணியைத் தரையில் போட்டுவிட்டு மைக்கைப் போட்டேன்.

"எதுக்குத் தட்டுறீங்க? அவருக்குத் தொண்டையே இல்லை. கேன்சர்னு அறுத்து எடுத்துட்டாங்க. பாருங்க, நல்லாப் பாருங்க" என்று கழுத்துத் துணியை விலக்கிக் காட்டினேன்.

கைத்தட்டல் நின்றது. தங்கச்சி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம்தான் பலகையைப் படித்துச் சொன்னேன், ஆசிட், பிளீச் எல்லாம். "சரிங்க. மாத்திடறோம். நன்றிங்க" என்றார் மேனேஜர். என்னை "ங்க" போட்டது சரி. இவரையும் அதற்குப் பிறகு "ங்க" போட்டார்.

இவர் துணியை இழுத்துக் கழுத்தை மூடினார். அன்று முழுக்க எனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

எல்லோரும் நல்லவர்கள். அதுதான் என் வயிற்றெரிச்சலே. ஒருவராவது கெட்டவராக இருந்திருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்திருப்பேன். மேனேஜர் எவ்வளவு லீவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். வீட்டுக்குப் பூங்கொத்து வந்தது. தங்கச்சி அழுது அழுது ஒரு நீளச் செய்தி அனுப்பினாள். பாட்டுச் சட்டத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். சின்னச் சின்னக் கப்பலாக இவருக்குக் கொடுத்தார்கள், அதையும் ஐஸ்காரன் இன்னொரு தடவை சரிபார்த்தான். இவர் கிண்டலாக ஏதாவது தட்டச்சு செய்தால், பதிலுக்கு ஒரு கும்பிடு படம் வரும். முன்பு மேஜைக்கு வந்து வந்து நின்ற வட்டங்கள் இப்போது வளைந்து போயின.

வரவில்லையென்றால் நாமே போவோம் என்று இவர் கிளம்பினார். காபி மூலையில் மூன்று வட்டமும் ஒன்றாக நிற்கும். தன் வட்டத்தை மெல்ல நகர்த்திக்கொண்டு போய் ஓரமாக நிறுத்துவார். ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு திரும்பித் தன் மேஜைக்கே வந்துவிடுவார். இதைத் தினம் பார்த்தேன். கேட்கிறார், திரும்புகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் மத்தியானம் சாப்பிடக் கூப்பிடப் போனபோது பலகையை நீட்டினார். "ஹெட்போன் போயிடுச்சுன்னு நினைக்கிறேன். பாரு."

வாங்கி என் காதில் மாட்டிக்கொண்டேன். காபி மூலையில் நாலு வட்டம். ஒரு சத்தமும் இல்லை. இவருடையதை விட்டுத்தள்ளுங்கள், மற்ற மூன்று வட்டத்திலும் மைக் படத்தின் மேல் சிவப்புக் கோடு. மவுஸைப் பிடித்து இவர் வட்டத்தைத் தள்ளித் தள்ளி மேஜைக்குக் கொண்டுவந்தேன். இங்கே வந்து சேர்ந்ததும் அங்கே ஒவ்வொரு கோடாக மறைந்தது. ஐஸ்காரன் ஏதோ சொன்னான். தங்கச்சி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். மேனேஜரும் சிரித்தார். தூரத்தில் இருந்ததால் எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை.

இவர் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க. போயிடுச்சு. நாளைக்கு வேற வாங்கலாம்" என்றேன்.

தலையாட்டினார். கையை நீட்டி அந்த ஹெட்போனை வாங்கி மறுபடியும் காதில் மாட்டிக்கொண்டு, ஷிப்ட் முடிகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.