கருத்தக்கண்ணன் கட்டுன பார்சல்

எங்க வீட்டுக்காரரு கருத்தக்கண்ணன் கப்பலூர் தொழிற்பேட்டையில வெல்டரு. சொந்த ஊரு எழுமலை. வேலைக்காகத் திருமங்கலத்துல குடியிருக்கோம். நல்ல மனுசன்தான். ஆனா அவரு வேலையை மட்டும் யாரும் கொறை சொல்லப்படாது.

போன தீவாளி எங்க மக திவ்யாவுக்குத் தலைதீவாளி. ஓசூர்லருந்து மாப்பிள்ளை அருள்பாண்டியோட வந்திருந்தா. இட்லியும் கறிக்கொழம்புமாத் திருப்தியாச் சாப்பிட்டுட்டு வாசல்ல நின்ன மாப்பிள்ளை, இரும்புக் கேட்டு லேசாக் கோணியிருக்கே மாமான்னு சொல்லிப்புட்டாரு. அம்புட்டுத்தான். அந்தக் கேட்டு எங்க வீட்டுக்காரரு கையால அடிச்சது. கோணியிருக்கிறதும் நெசந்தான். பத்து வருசமா நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், வம்பு எதுக்குன்னு வாயைத் தெறக்கலை. சாயங்காலம் அவுகளைப் பஸ் ஏத்திவிட இவரு வரலை. மாப்பிள்ளைக்கும் ரோசம் வந்திருச்சு, போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லாமக் கெளம்பிட்டாரு.

எட்டு மாசமாச்சு. மக வீட்டு வாசப்படியை நாங்க மிதிக்கலை. மாப்பிள்ளை அவரு வாயால கூப்பிட்டா அடுத்த பஸ்ல ஏறுறேங்கிறாரு இவரு. பெரியவரு அவருதான பேசணுங்கிறாரு மாப்பிள்ளை. ரெண்டு ஆம்பளைங்க வீம்புக்கு நடுவுல நானும் என் மகளும் போன்ல அழுதுக்கிட்டுக் கெடந்தோம். நீ தனியாப் போக வேண்டியதுதானன்னு கேப்பீக. போயிருவேன். அப்பா எங்கம்மான்னு அவ கேட்டா என்னத்தச் சொல்ல?

இந்த லட்சணத்துல ஆனி மாசம் திவ்யா போன் பண்ணா. பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு ஏழு ஜாக்கெட் தைக்க ஒத்துக்கிட்டாளாம். ஞாயித்துக்கெழமை விசேசம். நல்லபடியாத் தைச்சுக் குடுத்தா அந்தத் தெருவே அவகிட்டத் துணி குடுக்குமாம். அதனால இங்க கெடக்குற அவ தையல் மிஷினை உடனே லாரியில போட்டு விடச் சொன்னா.

மிஷின் ரிப்பேர் பாக்குற சங்கிலி அண்ணங்கிட்ட யோசனை கேட்டேன். அவரு சொன்னபடியே பெல்ட்டைக் கழட்டுனேன். ஊசியையும் பாபினையும் எடுத்து டப்பாவுல போட்டேன். மிஷின் தலையைத் தனியாப் பிரிச்சு, பழைய போர்வையில சுத்தி, அட்டைப்பெட்டிக்குள்ள பச்சப்பிள்ளையைப் படுக்க வச்ச மாதிரி வச்சேன். இண்டு இடுக்குல எல்லாம் துணியைத் திணிச்சேன். ஸ்டாண்டுக்குச் சாக்கு சுத்துனேன்.

வேலை விட்டு வந்த மனுசன் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, இது திண்டுக்கல்லு தாண்டாதுன்னாரு. மறுநாள் காலையில எல்லாத்தையும் ஆட்டோவுல ஏத்திக்கிட்டுப் பட்டறைக்குப் போயிட்டாரு. சாயங்காலம் திரும்பி வந்தது பார்சல் இல்லை, கூண்டு. சுத்திலும் இரும்பு ஆங்கிள், மேலயும் கீழயும் கம்பி, எல்லா மூலையும் வெல்டு. கதவுன்னு ஒண்ணு கெடையாது. இதை எப்படிங்க தெறக்குறதுன்னு கேட்டேன். வழியில எவனும் தெறந்துறக்கூடாதுல்லன்னு சொல்லிட்டுக் கையைக் கழுவப் போயிட்டாரு. லாரி ஆபீஸ்ல நாலு பேரு சேந்து தூக்குனாங்க. உள்ள கரடி எதுவும் கெடக்கான்னு ஒருத்தரு என்னையக் கேட்டாரு.

புதன்கெழமை கூண்டு ஓசூர் போய்ச் சேந்துச்சு. திவ்யா வீடியோவுல காட்டுனா. மாப்பிள்ளை சுத்தியலை வச்சு அடிச்சுப் பாத்தாரு, கம்பி அசையலை. ரம்பத்தை வச்சு ரெண்டு மணி நேரம் அறுத்ததுல கையில கொப்புளம் வந்ததுதான் மிச்சம். அந்த ஊரு வெல்டரு வந்து பாத்துட்டு, கம்பி பெட்டியோட ஒட்டியிருக்கு, கொஞ்சம் பெசகினா மிஷின் போயிரும், போட்டவரே வந்து எடுக்கட்டும்னு ஒதுங்கிட்டாரு. ஏழு ஜாக்கெட்டுத் துணியையும் மடியில வச்சுக்கிட்டு என் பிள்ளை தேம்புறா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வீட்டுக்காரரை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். அவரு பாட்டுக்குத் தயிருசோத்தைப் பெசஞ்சு சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு.

மறுநாள் காலையில அவரு போன் அடிச்சுச்சு. மாப்பிள்ளை. அஞ்சாறு தடவை அடிக்க விட்டுத்தான் எடுத்தாரு.

"மாமா, நீங்க வந்தாத்தான் ஆகும். அத்தையையும் கூட்டிக்கிட்டு வாங்க."

சரி மாப்ளன்னு சொல்லிட்டு, கட்டிலுக்கு அடியிலருந்து ஒரு பையை இழுத்தாரு. உள்ள கம்பி அறுக்குற கிரைண்டிங் மிஷினு, ரெண்டு பிளேடு, அவரு வெள்ளைச் சட்டை, கூடவே என் பச்சைப் பட்டுச் சேலை. என்னைக்கு எடுத்து வச்சாரோ தெரியலை. திட்ட எடுத்த வாயை மூடிக்கிட்டுத் தலையைச் சீவுனேன்.

சேலத்துல பஸ் மாறி, பொழுது சாயையில போய்ச் சேந்தோம். திவ்யா அப்பா கையைப் பிடிச்சவ விடவே இல்லை. மனுசன் தண்ணிகூடக் குடிக்காம வேலையை ஆரம்பிச்சாரு. அரை மணி நேரத்துல கூண்டு நாலாப் பிரிஞ்சுச்சு. மிஷின்ல ஒரு கீறல் இல்லை. தலையை ஸ்டாண்டுல மாட்டி, பெல்ட்டைப் போட்டு மிதிச்சதும் கடகடன்னு ஓடுச்சு. திவ்யா அப்பவே மொத ஜாக்கெட்டை எடுத்துட்டா.

கொப்புளக் கையைத் தடவிக்கிட்டே பாத்துக்கிட்டிருந்த மாப்பிள்ளைதான் கேட்டாரு.

"ஏன் மாமா, கழட்டுற மாதிரி நாலு நட்டு போல்ட்டு போட்டிருக்கலாம்ல?"

வெட்டுன கம்பிகளை அடுக்கிக்கிட்டு இருந்தவரு நிமிந்து பாக்கலை.

"போட்டிருந்தா நீங்களே கழட்டியிருப்பீக மாப்ள. என்னைய எதுக்குக் கூப்பிடப் போறீக?"