நெப்ராஸ்கா விவசாயி தேவை

ஹாலிவுட்டை ஒட்டிய பர்பேங்கில் இருபது வருடமாக இதுதான் என் பிழைப்பு: லண்டனிலிருந்து வந்து இறங்கும் நடிகர்களுக்கு அமெரிக்கனைப் போல் பேசக் கற்றுக்கொடுப்பது. ஜனாதிபதி, கௌபாய், போலீஸ் கமிஷனர் என்று எத்தனையோ அமெரிக்கர்களைத் தயார் செய்து அனுப்பியிருக்கிறேன். ஒருவனும் இந்த ஊர்க்காரன் இல்லை.

போன வருடம் முதல் தடவையாக ஓர் அமெரிக்கன் என்னிடம் வந்தான், லண்டன் பேச்சு கற்றுக்கொள்ள. ஹார்லன் கோசெக். நெப்ராஸ்கா மாநிலத்துச் சோளக்காட்டில் பிறந்த நடிகன், என் பழைய சிநேகிதன். அவன் குறிவைத்த வேடமோ நெப்ராஸ்கா சோள விவசாயி.

"அதுக்கு எதுக்குய்யா உனக்கு லண்டன் பேச்சு?"

"நானா போனா, என் பேச்சு நம்புற மாதிரி இல்லங்கிறாங்க. லண்டன்காரன்னு போய் நெப்ராஸ்கா பேசிக் காட்டினா, என்ன திறமைம்பாங்க. இந்த வருஷம் ஒரு படம் கிடைக்கலன்னா நடிகர் யூனியன் குடுக்கிற மருத்துவ இன்சூரன்ஸ் போயிடும். மார்ச்ல மார்லாவுக்கு ஆபரேஷன் இருக்கு."

மார்லா அவன் மனைவி. அவளுக்காக மூன்று வாரம் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தேன்.

அந்தப் படத்துக்குப் பேச்சுப் பயிற்சியாளனும் நான்தான் என்பதால், தேர்வு நாளில் நானும் அங்கே இருந்தேன். தயாரிப்பாளர் மெரிடித் பிரசங்கத்தோடு ஆரம்பித்தாள்.

"உலகத்துல எந்த மூலைக்குப் போனாலும் நம்ம படந்தான் ஓடுது. ஏன் தெரியுமா? அசல் அமெரிக்கத்தனம்!"

அந்த அசலை லண்டனுக்கு வெளியே ஒரு கொட்டகைக்குள் எடுக்கப்போகிறார்கள். இயக்குநர் மெல்போர்ன்காரர். பணம் வளைகுடாவிலிருந்து. சோளச்செடிகூட ஹங்கேரியிலிருந்து வருகிறது.

ஹார்லன் லண்டன் பேச்சில் வணக்கம் சொல்லிவிட்டு, தன் அப்பா பேசியதுபோலவே பேசிக் காட்டினான். மெரிடித் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு லண்டன்காரருக்கு இது எப்படி வருது! வேஷம் உங்களுக்குத்தான். பாஸ்போர்ட்ட மட்டும் குடுங்க. கதாநாயகன் பிரிட்டிஷ்காரரா இருந்தா பிரிட்டன்ல படத்துக்கு வரிச்சலுகை கிடைக்க மார்க் கூடும்."

ஹார்லன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல், கழுகு பொறித்த பாஸ்போர்ட்டை எடுத்து வைத்தான்.

"நீங்க அமெரிக்கரா?" யாருக்கோ தீராத வியாதி என்று கேள்விப்பட்டவள் போல மெரிடித் குரலைத் தாழ்த்தினாள். "அடப் பாவமே."

அடுத்த வாரம் அவளே எனக்குப் போன் செய்தாள்.

"தப்பா நினைக்காதீங்க. வேஷத்த ஒரு லண்டன் பையனுக்குக் குடுத்துட்டோம். அவனுக்குப் பேச்சு சொல்லிக்குடுக்க ஹார்லனையே போட்டாச்சு. அசல் ஆளே கையில இருக்கும்போது நீங்க எதுக்கு?"

எரிச்சலில் போனைச் சோபாவில் வீசினேன். சாயங்காலமே ஹார்லன் என் வாசலில் நின்றான். வசனத்தைப் பதிவு செய்து அனுப்ப என் மைக் வேண்டுமாம். கதவைச் சாத்திவிடலாமா என்றுதான் முதலில் நினைத்தேன்.

"இன்சூரன்ஸ்?" என்று கேட்டேன்.

"பேச்சு சொல்லிக்குடுக்கிறவனுக்கு ஏது இன்சூரன்ஸ்? உனக்குத் தெரியாததா? ஆபரேஷனத் தள்ளிப் போட்டாச்சு."

மைக்கை மாட்டிக்கொடுத்தேன். அவன் தாளைப் பார்த்து முதல் வசனத்தைச் சொன்னான்.

"இது எங்க மண்ணு. இங்கேர்ந்து எங்கள எவனும் அசைக்க முடியாது."

"இன்னும் கொஞ்சம் நிதானமா சொல்லு," என்றேன். "லண்டன் பையனுக்குப் புரியணும்ல."