கோபுவின் நடை

நவநீதன் எழுதிய கதைநாயகனின் பெயர் ருத்ரவேல். அகன்ற தோள், கூர்மையான மீசை, காட்டுப்பன்றிக் கூட்டத்தை வெறுங்கையால் விரட்டும் துணிச்சல். யாரை மனதில் வைத்து எழுதினாய் என்று யாராவது கேட்டால் அடக்கமாகச் சிரிக்க வேண்டும் என்றுகூட நவநீதன் முடிவுசெய்து வைத்திருந்தான். யாரும் கேட்கவில்லை.

இண்டூர் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்தே நவநீதனும் ஆசிமும் சேர்ந்து வீடியோ கேம் செய்கிறார்கள். கதை நவநீதனுடையது. படம் வரைந்து அதை நடக்கவும் ஓடவும் வைப்பது ஆசிமின் வேலை. இருவருக்கும் நாற்பது நெருங்கிவிட்டது. இதுவரை வெளிவந்த கேம்களை மிகவும் ரசித்து ஆடியவர்கள் அவர்கள் இருவரும்தான். ஒவ்வொன்றும் ஊற்றிக்கொண்டபோது, "இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று நவநீதன் கிளம்பிப் போனான். ஒருமுறை பெங்களூரு வேலைக்கு, இன்னொருமுறை கோழிப்பண்ணை வைக்க. இரண்டிலிருந்தும் திரும்பி வந்தான். கோழிகளுக்கும் அதில் வருத்தமில்லை.

புது கேமைத் தருமபுரியில் ஒரு கல்லூரி மாணவர்களிடம் ஆடக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் வகுப்பே சிரித்தது. ருத்ரவேலை யாரும் சீண்டவில்லை. எல்லோருக்கும் அவனுடைய எடுபிடி கோபுதான் வேண்டியிருந்தது. கோபு, ஆசிம் தானாகச் சேர்த்த ஆள். பன்றியைக் கண்டால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் மூக்குக்கண்ணாடியைப் பிடித்தபடி ஓடுவான். தொப்பை முன்னே போகும், அவன் பின்னே போவான்.

நவநீதனும் விழுந்து விழுந்து சிரித்தான். முன்வரிசையிலிருந்த பிரியதர்ஷினி என்ற மாணவி திரையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சார், இது நீங்கதானுங்களே?"

அப்போது நவநீதனின் கை, சிரிப்பில் நழுவிய தன் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

விறுவிறுவென்று வெளியே வந்து சாலையில் நடந்தான். ஆசிம் வண்டியோடு பின்னால் வந்தான்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேவா போவ? ஏறுடா."

"நான் ஒனக்குக் கோமாளியாடா?"

"ஏன், நீ ருத்ரவேல்னு நெனச்சிக்கிட்டிருந்தியா?"

நவநீதன் நடையை எட்டிப் போட்டான். முகத்தைக் காட்டினால் உண்மை தெரிந்துவிடும்.

ஆசிம் இறங்கி, வண்டியை உருட்டிக்கொண்டு கூடவே நடந்தான். "கேமை நீ முழுசா ஆடவே இல்ல. கோபு எத்தினி தடவ ஓடுனாலும் அடுத்த லெவல்ல வந்து நிப்பான். ருத்ரவேல் உழுந்து கெடந்தா அவன்தான் தூக்கி உடுவான். நீ கோழிப்பண்ணைய உட்டுட்டு வந்தியே, அன்னிக்கு வரைஞ்சது. நீ வரலன்னா நானும் எல்லாத்தையும் மூட்ட கட்டிட்டு எங்க அத்தா கடையில போய் ஒக்காந்திருப்பேன்."

நவநீதன் கம்பீரமாக ஏதாவது சொல்ல நினைத்தான்.

"தொப்பைதான்டா கொஞ்சம் ஜாஸ்தி" என்றுதான் வந்தது.

"அது கொறைச்சிப் போட்டதுடா."

ருத்ரவேலைக் கதையிலிருந்தே எடுத்துவிட்டுக் கோபுவையே நாயகனாக்கினார்கள். தன் மீசைக்காரனை நீக்கும் பொத்தானை நவநீதனே அழுத்தினான், கண்ணை மூடிக்கொண்டு. இந்தமுறை முன்பின் தெரியாதவர்களும் ஆடினார்கள். கோபு இன்னும் விதவிதமாக ஓட வேண்டும் என்று கேட்டு எழுதினார்கள்.

அதனால் இப்போது நவநீதன் அறுவடை முடிந்த கேழ்வரகுக் காட்டில் ஓடுகிறான். அதைப் பார்த்துக் கோபுவை வரைய, ஆசிம் செல்போனில் படம் பிடிக்கிறான். பக்கத்துக் காட்டுக் குள்ளம்மாள் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினாள்: "ஏப்பா நவநீதா, யாரு தொரத்தறாங்க?"

"யாருமில்லீங்கக்கா. வேல பாக்கறேன்!"

"சிரிக்காம ஓடுடா" என்றான் ஆசிம். அவன் கையிலிருந்த செல்போன் சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தது.